பழைய ஐ7-ஐ விட்டுப் புது ஐ3 வாங்கலாமா? லேப்டாப் ப்ராசசர் கேள்வி பதில்

பழைய லேப்டாப்பையும் புது லேப்டாப்பையும் எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஊர்ப்பெயரோடு மட்டும் தருகிறோம்.

கேள்வி (ஈரோடு): 2017-இல் வாங்கிய என் லேப்டாப்பில் ஐ7-7500யு ப்ராசசர், 8 ஜிபி ரேம். கணக்கு வேலைதான், எக்செல்லில் மேக்ரோ நிறைய ஓடும். கடையில் ஐ3-1215யு போட்ட புது மாடலைக் காட்டுகிறார்கள். ஐ7-இலிருந்து ஐ3-க்கு இறங்குவது சரிதானா?

பதில்: இது இறக்கமே இல்லை. இன்டெல் ப்ராசசர்களில் ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் வகுப்பில் எடுத்த ரேங்க் மாதிரி. அந்த வருடத்துப் பிள்ளைகளுக்குள் யார் முன்னே என்று மட்டும் சொல்லும். ஐந்தாறு வருடம் கழித்து வந்த வகுப்போடு ஒப்பிட உதவாது. பார்க்க வேண்டியது அதற்கு அடுத்து வரும் எண்ணை. 7500 என்பதில் முன்னால் நிற்கும் 7, ஏழாம் தலைமுறை, 2016-இல் வந்தது. 1215 என்பதில் முன்னால் நிற்கும் 12, பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது.

உங்கள் 7500யு-வில் 2 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்), உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகம்) 4 எம்பி. 1215யு-வில் 6 கோர், 8 த்ரெட், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 10 எம்பி. ஆனால் அந்த ஆறு கோரும் ஒரே தரம் அல்ல. இரண்டு பெரியவை, நான்கு சிறியவை. பெரிய கோர் ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட் ஓட்டும். சிறியது ஒன்றுதான் ஓட்டும். அதனால்தான் 6 கோருக்கு 12 த்ரெட் வராமல் 8 வருகிறது. 4.4 கிகாஹெர்ட்ஸ் என்பதும் பெரிய கோருக்கு மட்டும். சிறியவற்றின் உச்சம் 3.3.

கிகாஹெர்ட்ஸ் கணக்கில் 3.5-க்கும் 4.4-க்கும் நடுவே கால் பங்குதான் வித்தியாசம். நிஜத்தில் ஒரே கோரில் ஓடும் வேலையில் 1215யு ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். காரணம், கிகாஹெர்ட்ஸ் எண்ணுவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதை மட்டும்தான்; ஒரு துடிப்புக்குள் செய்து முடிக்கும் வேலையின் அளவே புதிய பெரிய கோரில் அதிகம். உங்களுக்கு இது நேரடியாக உதவும்: எக்செல் மேக்ரோ ஒரே த்ரெட்டில்தான் ஓடும், எத்தனை கோர் இருந்தாலும் அதற்குப் பயன் இல்லை. சூத்திரங்களைத் திரும்பக் கணக்கிடும் வேலையை எக்செல் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அங்கே வித்தியாசம் இரண்டரை, மூன்று மடங்குக்குக்கூடப் போகும்.

ஏமாறும் இடம் ரேம். உங்கள் பழைய லேப்டாப்பில் 4 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு இருந்தால், 2133 வேகத்தில் இரட்டைச் சேனலாக (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) நொடிக்கு 34 ஜிபி வரை தரவு போய்வரும். புது லேப்டாப்பில் 8 ஜிபி ஒரே சிப்பாக, 3200 வேகத்தில், ஒற்றைச் சேனலாக இருந்தால் 25.6 ஜிபிதான். புதியது பழையதைவிடக் குறுகலான வழியில் ஓடும். இன்னொரு 8 ஜிபி போட்டுவிட்டால் 51.2 ஆகிவிடும். ஆகவே வாங்கும்போதே இரண்டாவது ரேம் ஸ்லாட் இருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். போர்டோடு ஒட்டிய 8 ஜிபி மட்டும், ஸ்லாட் இல்லை என்றால் அந்த மாடலே வேண்டாம்.

இன்னும் இரண்டு காரணங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கே இடம், அதில் 7500யு இல்லை. அடுத்தது வீடியோ. யூடியூப் இப்போது அதிகம் பயன்படுத்தும் ஏவி1 வடிவத்தை நேரடியாக விரித்துக் காட்டும் சுற்று இன்டெல்லில் பதினோராம் தலைமுறையில்தான் வந்தது. 7500யு-வில் அந்தச் சுமை முழுவதும் இரண்டு கோர்கள் தலையில் விழும். ஃபேன் கத்துவது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: புது லேப்டாப்பில் பழக்கத்துக்காக விண்டோஸ் 10-ஐ ஏற்றாதீர்கள். பெரிய கோர், சிறிய கோர் என்று பார்த்து வேலையைப் பங்கிடும் ஏற்பாடு விண்டோஸ் 11-இல்தான் ஒழுங்காக இருக்கிறது. விண்டோஸ் 10-இல் ஓட்டினால், நீங்கள் காத்திருக்கும் வேலையே சிறிய கோரில் போய் உட்கார்ந்துவிடக்கூடும்.

கேள்வி (நாகர்கோவில்): என் பழைய லேப்டாப்பில் 2.7 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. புதிதாக வாங்கிய ஐ5-1235யு-வில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அடிப்படை வேகம் 1.30 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? நண்பரிடம் இதே ப்ராசசர் இருக்கிறது. அவருடைய லேப்டாப் என்னுடையதைவிட வேகமாக வீடியோ ஏற்றுமதி செய்கிறதே, எப்படி?

பதில்: ஏமாற்று இல்லை. 1235யு-வின் பெரிய கோர்களுக்கு இன்டெல் குறித்திருக்கும் அடிப்படை வேகமே 1.3 கிகாஹெர்ட்ஸ்தான், சிறியவற்றுக்கு 0.9. அடிப்படை வேகம் என்பது, எல்லா கோரும் ஒருசேர உழைக்கும்போது குறிப்பிட்ட வாட் கணக்குக்குள் நிச்சயமாகக் கிடைக்கும் வேகம். அந்தக் கணக்கு, பெயர் யு என்று முடியும் வகைக்கு வெகுகாலமாக 15 வாட். அதே 15 வாட்டை 2 கோருக்குப் பங்கிட்டபோது 7500யு-வுக்கு 2.7 கிடைத்தது. 2017-இல் ஐ5-8250யு-வில் 4 கோர் ஆனதும் அது 1.6-க்கு இறங்கியது. இப்போது 10 கோர். கோர் கூடக் கூட இந்த எண் இறங்கத்தான் செய்யும். பழையதையும் புதியதையும் ஒப்பிட இதைவிடப் பயனற்ற எண் வேறு கிடையாது.

நண்பரின் லேப்டாப் முந்துவதற்குக் காரணம் வேறு. 1235யு-வின் தகவல் தாளில் இரண்டு வாட் கணக்கு இருக்கும்: அடிப்படை 15, உச்சம் 55. பழைய தாள்களில் டிடிபி என்று ஒன்றே ஒன்று இருந்ததால் பலர் இந்த 15-ஐ மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உச்ச வாட்டை எத்தனை நொடி அனுமதிப்பது, பிறகு 15-க்கே இறக்குவதா 25-இல் நிறுத்துவதா என்பதையெல்லாம் லேப்டாப் கம்பெனிதான் தீர்மானிக்கிறது. கனமான ஹீட் பைப், இரண்டு ஃபேன் வைத்தவர் அதிகம் அனுமதிப்பார். மெல்லிய உடம்பில் அடைத்தவர் சீக்கிரமே கடிவாளம் போடுவார். ப்ராசசர் பெயர் ஒன்றாக இருந்தும் பத்து நிமிட வேலையில் பெரிய வித்தியாசம் வருவது இப்படித்தான்.

உங்களுடையது எந்த வகை என்று சோதித்துவிடலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சார்ஜரைச் செருகி, சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பார்க்க வேண்டியது இரண்டே வரி: சிபியு பேக்கேஜ் பவர், சிபியு வெப்பம். முதல் அரை நிமிடம் 35, 40 வாட் போய், பிறகு 15-இல் வந்து நின்று, வெப்பமும் 70 டிகிரி சொச்சத்தில் இருந்தால் கம்பெனி போட்ட வரம்பு அது. விண்டோஸ் செட்டிங்கில் சிஸ்டம், பவர் பகுதிக்குப் போய் பவர் மோடை உயர்ந்த செயல்திறனுக்கு மாற்றிப் பாருங்கள். லேப்டாப்போடு வந்த கம்பெனி மென்பொருளில் ஃபேன் மோடு இருந்தால் அதையும் மாற்றுங்கள். சில மாடல்களில் வரம்பு 20, 25-க்கு ஏறும்.

அப்படியில்லாமல் வெப்பம் 95-ஐத் தாண்டி, வாட் தானாக இறங்கிக்கொண்டே போனால் குளிர்விப்பில் கோளாறு. புது லேப்டாப் என்றால் மெத்தை மேல் வைத்து அடியிலுள்ள காற்று வழியை அடைத்திருக்கலாம். மூன்று நான்கு வருடப் பழையது என்றால் ஹீட் சிங்க் துடுப்புகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். தூசியை மட்டும் ஊதிவிட்டு அனுப்பினால் பாதி வேலைதான். இந்த ப்ராசசர்கள் 100 டிகிரியைத் தொட்டால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் உடனே எரிந்துபோய்விடாது. ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது.

கேள்வி (புதுச்சேரி): ஐ5-1335யு, கோர் 5 120யு, கோர் அல்ட்ரா 5 125யு என்று மூன்று லேப்டாப். விலை ஏறிக்கொண்டே போகிறது. ஐ என்ற எழுத்து இல்லாதது எல்லாம் புதிய வகையா?

பதில்: இல்லை. இன்டெல் 2023-இல் ஐ என்ற எழுத்தைக் கைவிட்டது. பெயர் மாறியதால் உள்ளே இருப்பதும் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. முந்தைய கேள்வியில் வந்த 1235யு-வையும் சேர்த்துப் பாருங்கள். 1235யு: 2 பெரிய கோர், 8 சிறிய கோர், 12 எம்பி கேஷ், 4.4 கிகாஹெர்ட்ஸ். 1335யு: அதே 2, அதே 8, அதே 12 எம்பி, 4.6 கிகாஹெர்ட்ஸ். கோர் 5 120யு: மறுபடியும் அதே 2, 8, 12, வேகம் மட்டும் 5.0. மூன்றும் இன்டெல் 7 என்ற ஒரே தயாரிப்பு முறையில் வந்தவை. 1335யு-வுக்கும் 120யு-வுக்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால் 120யு எடுங்கள். ஐந்தாயிரம் கூடக் கேட்டால் அந்தப் பணத்தை ரேமில் போடுவதே மேல்.

உண்மையில் மாறியது கோர் அல்ட்ரா. 2023 டிசம்பரில் வந்த இந்த வரிசையில் ப்ராசசர் பல துண்டுகளாகச் செய்து ஒட்டப்படுகிறது. 125யு-வில் 2 பெரிய கோர், 8 சிறிய கோர், அதற்கும் கீழே மிகச் சிக்கனமான 2 கோர். ஆக 12 கோர், 14 த்ரெட். உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ்தான், 120யு-வைவிடக் குறைவு. எனவே வேர்டு, எக்செல், பிரவுசர் வேலையில் விலை அதிகமான இது விலை குறைந்ததை முந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிராஃபிக்ஸ் நன்றாக இருக்கும், ஏவி1 வீடியோவை உருவாக்கவும் செய்யும். அவை வேண்டும் என்றால் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு.

ஏஐ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ வசதிகளுக்கு என்பியு (ஏஐ வேலைக்கென்றே உள்ள பகுதி) 40 டாப்ஸ், அதாவது நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு, இருக்க வேண்டும், ரேம் 16 ஜிபி இருக்க வேண்டும். கோர் அல்ட்ரா 100 வரிசையின் என்பியு அதில் கால் பங்கு அளவுதான். 200 வரிசையிலும் எல்லாம் தேறாது. 226வி, 258வி என்று வி-யில் முடிபவை தேறும். அந்த வி வகையில் ரேம் ப்ராசசரோடு சேர்ந்தே வருகிறது: மூன்றாவது இலக்கம் 6 என்றால் 16 ஜிபி, 8 என்றால் 32 ஜிபி. பிறகு கூட்டவே முடியாது, முதலிலேயே யோசித்து வாங்க வேண்டும்.

பத்தாம் தலைமுறையிலும் இதே குழப்பம் உண்டு, பழையது வாங்குபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். ஐ5-10210யு, ஐ5-1035ஜி1 இரண்டும் பத்தாம் தலைமுறைதான், இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட். முன்னது பழைய 14 நானோமீட்டர் வடிவமைப்பு, 4.2 வரை ஓடும். பின்னது 10 நானோமீட்டரில் புதிய வடிவமைப்பு, 3.6-தான் ஓடும். அன்றாட வேலையில் ஒன்றுக்கொன்று பெரிதாகச் சளைத்தவை அல்ல. எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம்.

கேள்வி (சேலம்): தம்பிக்குக் கல்லூரிக்காக ரைசன் 5 7520யு வாங்கினோம். 7000 வரிசை, புதியது என்றார்கள். அண்ணனிடம் 2021-இல் வாங்கிய ரைசன் 5 5500யு இருக்கிறது. கோடு கம்பைல் செய்ய அதுதான் வேகமாக இருக்கிறது. ஏன்?

பதில்: ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி, 7000 வரிசை லேப்டாப் சிப்களுக்கு வைத்த எண்முறையை அறியாதவர் எவரும் விழும் குழி இது. நான்கு இலக்கத்தில் முதலாவது, எந்த வருட விற்பனைக்கு என்பது: 7 என்றால் 2023. இரண்டாவது இலக்கம் தரத்தைக் காட்டும். மூன்றாவதுதான் முக்கியம், உள்ளே இருக்கும் கோரின் வடிவமைப்பு. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3 அல்லது 3 பிளஸ், 4 என்றால் ஜென் 4. 7520யு-வில் மூன்றாவது இலக்கம் 2. ஜென் 2 முதலில் வந்தது 2019-இல். சட்டை 2023, ஆள் 2019.

அண்ணனின் 5500யு-வும் ஜென் 2-தான். ஆனால் அதில் 6 கோர், 12 த்ரெட், எல்3 கேஷ் 8 எம்பி. 7520யு-வில் 4 கோர், 8 த்ரெட், 4 எம்பி. கம்பைல் செய்வது எல்லா கோரையும் தின்னும் வேலை; இரண்டு கோர் குறைந்தால் தோற்கத்தான் செய்யும். 7520யு-வுக்கும் சாதகங்கள் உண்டு: உச்ச வேகம் 4.3 (5500யு-வில் 4.0), 6 நானோமீட்டரில் செய்தது, ஏவி1 வீடியோவைத் தானே விரிக்கும். வகுப்பில் குறிப்பு எடுக்கவும் வீடியோ பார்க்கவும் போதும். இதில் எல்பிடிடிஆர்5 ரேம் மட்டுமே வேலை செய்யும். அது போர்டிலேயே ஒட்டி வருவது. 8 ஜிபி மாடல் என்றால் கடைசி வரை 8 ஜிபிதான்.

இனி வாங்குபவர்கள் அதே விலைக்குப் பக்கத்தில் 7530யு கிடைக்கிறதா என்று பாருங்கள். எண்ணில் பத்துதான் கூடுதல். உள்ளே ஜென் 3, 6 கோர், 12 த்ரெட், எல்3 கேஷ் 16 எம்பி. ரேமும் டிடிஆர்4 என்பதால் பல மாடல்களில் ஸ்லாட் இருக்கும். கிராஃபிக்ஸ் மட்டும் பழைய வேகா. அதையும் புதிதாக வேண்டும் என்றால் 7535யு, அதற்கு மேல் ஜென் 4 உள்ள 7540யு.

கேள்வி (சென்னை, பெரம்பூர்): ரிச்சி தெருவில் லெனோவாவின் பழைய திங்க்பேட் லேப்டாப் பார்த்தேன். டி470, ஐ5-6300யு 14,000 ரூபாய். டி480, ஐ5-8350யு 19,000 ரூபாய். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஐயாயிரம் கூடக் கொடுக்கலாமா? வாங்குமுன் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: கொடுக்கலாம். இன்டெல் லேப்டாப்களில் ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் நடுவே ஒரு கோடு விழுந்திருக்கிறது. 6300யு: 2 கோர், 4 த்ரெட், 3.0 கிகாஹெர்ட்ஸ், 3 எம்பி. 8350யு: 4 கோர், 8 த்ரெட், 3.6 கிகாஹெர்ட்ஸ், 6 எம்பி. அதே 15 வாட்டில் கோர் இரட்டிப்பானது இங்கேதான். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏறுவதும் இங்கிருந்துதான். 10-பிட் ஹெச்இவிசி என்ற வடிவத்திலுள்ள வீடியோவை முழுவதுமாக வன்பொருளிலேயே விரிப்பதும் 6300யு-வில் கிடையாது.

ஒன்றைக் கவனியுங்கள். டி480 என்று மேலே எழுதியிருந்தாலே எட்டாம் தலைமுறை என்று நம்பிவிட வேண்டாம். அந்த மாடலே ஏழாம் தலைமுறை ப்ராசசரோடும் விற்கப்பட்டது. ஸ்டிக்கரை யாரும் மாற்றி ஒட்டலாம். விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் தெரியும் பெயரைக்கூட ரெஜிஸ்ட்ரியில் திருத்திவிட முடியும். லேப்டாப்பை அணைத்து, திரும்பப் போடும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போய் அங்கே ப்ராசசர் பெயரைப் படியுங்கள். கூடவே டாஸ்க் மேனேஜரில் 4 கோர், 8 த்ரெட் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

பயாஸுக்குள் போகும்போதே சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திங்க்பேடில் அது தெரியாவிட்டால் லெனோவா சொல்லும் ஒரே வழி போர்டை மாற்றுவது. ரிச்சி தெருவுக்கு வருபவற்றில் பல, கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்தவை. அதனால் விண்டோஸை ரீசெட் செய்து, கடையிலேயே மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் தொடக்க அமைப்பை ஓடவிடுங்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொன்னால், அது இன்னும் அவர்கள் கணக்கில்தான் பதிவாகி இருக்கிறது. இன்று சமாளித்து உள்ளே போனாலும், அடுத்த ரீசெட்டில் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

டி480-இல் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றக்கூடியது ஒன்று. விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் இரண்டுக்கும் தனித்தனியாக, செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிற்கும் கொள்ளளவும் தெரியும். வெளிப் பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தால் புதிது போட்டுக்கொள்ளலாம், பேரத்துக்கும் உதவும். யுஎஸ்பி-சி துளைகள் இரண்டிலும் சார்ஜரையும் பென்டிரைவையும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். இந்தக் காலத்துத் திங்க்பேட்களின் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தது. புதுப்பிக்காமல் விட்டவற்றில் அந்தத் துளைகள் செயலிழந்துவிடக்கூடும். வேலை செய்தால், வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக லெனோவா தளத்திலிருந்து அந்த அப்டேட்டைப் போடுங்கள்.

திரையையும் பாருங்கள். 1366-க்கு 768 என்ற மங்கலான திரையோடு வந்தவை நிறைய. 1920-க்கு 1080 ஐபிஎஸ் இருந்தால் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். ரேம் ஸ்லாட் இரண்டு உண்டு. 16 ஜிபி ஒரே சிப்பாக வேண்டாம், 8-ம் 8-ம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஐ7-7700ஹெச்க்யூ, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப், 2017 மாடல். எடை தாங்கவில்லை. ஐரிஸ் எக்ஸ்இ உள்ள ஐ5-1235யு மெல்லிய லேப்டாப்புக்கு மாறினால் கேமும் ஓடுமா?

பதில்: ப்ராசசரை மட்டும் பார்த்தால் 45 வாட் 7700ஹெச்க்யூ-வை 15 வாட் 1235யு தாண்டிவிடும், ஒற்றைக் கோரிலும் சரி, எல்லா கோரும் சேர்ந்தாலும் சரி. கிராஃபிக்ஸில் கதை தலைகீழ். சொந்தமாக 4 ஜிபி நினைவகம் வைத்திருக்கும் 1050 டிஐ, ரேமைக் கடன் வாங்கி ஓடும் ஐரிஸ் எக்ஸ்இ-யை இன்றும் நன்றாகவே முந்தும். அதிலும் ஒற்றைச் சேனல் ரேம் போட்ட லேப்டாப்பில் அந்த ஐரிஸ் எக்ஸ்இ, டிவைஸ் மேனேஜரில் வெறும் யுஹெச்டி கிராஃபிக்ஸ் என்றே காட்டும். வேகமும் அதற்கேற்பக் குறையும். விளம்பரத்தில் ஐரிஸ் என்று படித்து வாங்கி, வீட்டில் யுஹெச்டி பார்ப்பவர்கள் இதனால்தான் குழம்புகிறார்கள்.

கேம் முக்கியம் என்றால் ஐ5-12450ஹெச் போன்ற ப்ராசசரோடு ஆர்டிஎக்ஸ் 3050 அல்லது அதற்கு மேலுள்ளது பாருங்கள். 3050 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் லேப்டாப் கம்பெனிகள் அதற்கு 35 வாட் முதல் 80 வாட் வரை விதவிதமாகக் கொடுக்கின்றன. தகவல் தாளில் டிஜிபி என்ற வரியைத் தேடிப் படியுங்கள். உங்கள் 1050 டிஐ-யை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க நினைத்தால்: அது சேர்ந்த பாஸ்கல் வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான ட்ரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐ5-5200யு, 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிடம் எடுக்கிறது. ப்ராசசரை மட்டும் கழற்றி ஐ7 போட முடியுமா?

பதில்: முடியாது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் லேப்டாப் ப்ராசசர்கள் போர்டோடு பற்றவைத்தே வருகின்றன. நான்காம் தலைமுறை வரை எம், எம்க்யூ என்று முடிபவற்றுக்குச் சாக்கெட் இருந்தது. அப்போதும் யு வகை பற்றவைத்ததுதான். உங்களிடம் வேறு ஏதாவது மூன்றாம் தலைமுறை லேப்டாப், ஐ5-3320எம் மாதிரி இருந்தால் அதே 35 வாட்டிலுள்ள 4 கோர் ஐ7-3632க்யூஎம்-க்கு மாற்ற வாய்ப்புண்டு, பயாஸ் ஏற்றுக்கொண்டால். 5200யு-வில் அந்தப் பேச்சே இல்லை.

ஐந்து நிமிடம் எடுப்பதற்கு ப்ராசசர் குற்றவாளியும் அல்ல. 5400 சுழற்சி ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது நொடிக்கு ஒரு எம்பி-யைத் தாண்டவே திணறும். விண்டோஸ் தொடங்குவது முழுக்க அந்த மாதிரி வேலைதான். 2.5 அங்குலம், 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 240 அல்லது 500 ஜிபி, வாங்கிப் பொருத்துங்கள். ரேமுக்கு டிடிஆர்3எல் வேண்டும்: லேபிளில் பிசி3எல், 1.35 வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் பிசி3, 1.5 வோல்ட் சிப்பைப் போட்டால் பல லேப்டாப்கள் திரையே காட்டாது. 8 ஜிபி ஆக்கினால் போதும்.

பின்மூடியைத் திறக்கும்போது முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அமுக்கித் திரும்ப மூடாதீர்கள், மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-இலேயே இருந்தால் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரைதான். அதற்குமேல், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மின்ட் இந்த லேப்டாப்பில் இதமாக ஓடும்.

கேள்வி (தேனி): 2019 மேக்புக் ஏர் இன்டெல், எம்1 மேக்புக் ஏர், இரண்டும் பழையதாகக் கிடைக்கின்றன. முன்னது விலை பாதி.

பதில்: பாதி விலைக்கும் வேண்டாம். 2019 ஏரில் இருப்பது ஐ5-8210ஒய்: 2 கோர், 4 த்ரெட், 7 வாட். 2020 நவம்பரில் வந்த எம்1-இல் 4 பெரிய கோர், 4 சிறிய கோர்; ஃபேன் இல்லாமலேயே பல மடங்கு வேகம். மேக்ஓஎஸ் 26 எந்த இன்டெல் ஏரிலும் ஏறாது. எம்1 எடுத்தால் 8 ஜிபி-யா 16 ஜிபி-யா என்பதை ஆப்பிள் மெனுவில் இந்த மேக் பற்றி என்ற பக்கத்தில் பாருங்கள். பிறகு கூட்ட முடியாது. பழைய உரிமையாளர் தன் ஐகிளவுட் கணக்கிலிருந்து நீக்கிவிட்டாரா என்பதை அவர் எதிரிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): என்100 ப்ராசசர் லேப்டாப் மலிவாக இருக்கிறதே, எங்கள் வீட்டிலுள்ள பழைய ஐ5-5200யு-வைவிட அது தேவலையா?

பதில்: தேவலை. என்100-இல் 4 கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ்; நான்குமே மேலே சொன்ன சிறிய கோர் வகை. 6 வாட்டில் ஓடிக்கொண்டே 5200யு-வின் 2 கோரைத் தாராளமாகத் தாண்டும், ஏவி1 வீடியோவும் ஓடும், விண்டோஸ் 11-உம் முறைப்படி ஏறும். ரேம் ஒற்றைச் சேனல்தான், அதை மாற்ற வழியில்லை. மலிவு மாடல்களில் எஸ்எஸ்டி-க்குப் பதில் இஎம்எம்சி சேமிப்பகத்தைப் போர்டில் ஒட்டிவிடுகிறார்கள். 64, 128 ஜிபி என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். எம்.2 எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம் இரண்டும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கலாம். இஎம்எம்சி, 4 ஜிபி என்றால் அதைவிட எஸ்எஸ்டி போட்ட உங்கள் 5200யு-வே மேல்.